அம்பாசிடர் மார்க் 2: ஓடும்போது சும்மா இருக்கிறது, மாப்பிள்ளை அழைப்பில் மட்டும் கொதிக்கிறது

மன்னை மார்க்2:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1974 அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் எடுப்பதில்லை. மன்னார்குடி, வலங்கைமான் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்பார்கள். காசு வாங்குவதில்லை, பெட்ரோல் போட்டுக் கொடுத்தால் சரி.

தொல்லை அங்கேதான். திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் வரைக்கும் 60-ல் போனால் ஹீட் முள் பாதியைத் தாண்டாது, சித்திரை வெயிலிலும் அப்படியே. ஆனால் ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் உருட்டும்போது, பிள்ளையார் கோயிலில் கிளம்பி மண்டபம் போய்ச் சேருவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. போன வைகாசியில் மண்டபத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஆவி கக்கிவிட்டது. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு இறங்கி நடந்தார். தவில்காரர் வேண்டுமென்றே வேறு நடைக்கு மாறி வாசித்தார், எல்லாரும் சிரித்தார்கள், நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ரேடியேட்டர் கோர் (தண்ணீர் ஓடிச் சூடு இறங்கும் குழாய்ப் பகுதி) புதிதாகப் போட்டாயிற்று. அடங்கவில்லை. அப்புறம் வாட்டர் பம்ப் மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். அதற்குப் பிறகு இன்னும் மோசம். முன்பெல்லாம் ஊர்வலத்தில் மட்டும்தான் ஏறும். இப்போது கும்பகோணம் போகிற வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைக்காமல் நின்றாலே ஏறுகிறது. அந்தக் கேட்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. இருந்தும் மெக்கானிக் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, திறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேனை முன்னால் மாட்டு என்கிறார். தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். எதைச் செய்வது?


டெல்டா டிரைவர்:

தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கிற வால்வை, கழற்றி எறியுங்கள். எங்கள் பக்கம் எந்தப் பழைய வண்டியிலும் அது கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?


குடந்தை ஸ்பேனர்:

மன்னைத் தம்பி, ஹெட்டைத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் கிடக்கிறது.

ரேடியேட்டர் குழாய் அடைத்திருந்தால் அது நாகப்பட்டினம் ரோட்டில்தான் காட்டிக்கொடுக்கும். 60-ல் போகும்போதுதான் இன்ஜின் அதிகச் சூட்டைத் தள்ளுகிறது, அத்தனையையும் ரேடியேட்டர் வாங்கி வெளியே விட வேண்டும். அதைச் செய்கிறது என்றால் கோர் நன்றாக இருக்கிறது. பழைய கோரே நன்றாக இருந்திருக்கலாம், அது போகட்டும். நின்றால் மட்டும் ஏறுகிற வண்டிக்குக் குறை காற்றில்தான். ஓட்டத்தில் எதிர்காற்று தானாக வந்து ரேடியேட்டரில் மோதும், ஃபேனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. நின்றுவிட்டால் ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான் காற்று. உங்கள் வண்டியில் ஃபேனும் பம்ப்பும் ஒரே ஷாஃப்டில் சுற்றுகின்றன, அதனால் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, இரண்டும் சேர்ந்தே சோம்பிவிடும். கம்பெனி அதற்குத் தகுந்த மாதிரிதான் ஃபேனைச் செய்திருக்கிறது, ஆனால் மிச்சம் மீதி அதிகம் வைக்கவில்லை. கொஞ்சம் கெட்டாலும் முள் ஏறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பம்ப் மாற்றிய பிறகு கேட்டிலும் ஏறுகிறது என்கிறீர்கள். பம்ப்பைக் கழற்ற வேண்டுமானால் அதற்கு முன் எதைக் கழற்ற வேண்டும்? ஃபேனை. நாலு போல்ட்டு. அந்த ஃபேனை முன்பின்னாகத் திருப்பிப் போட்டாலும் நாலு போல்ட்டும் அச்சாக உட்காரும், யாரும் தடுக்க மாட்டார்கள். திருப்பிப் போட்டால் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் என்று நினைக்காதீர்கள். அதே பக்கம்தான் வரும், அதனால்தான் பலரும் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் இறக்கையின் வளைவு தப்பாகிவிடுவதால் இழுப்பு வெகுவாகக் குறைந்துபோகும்.

பார்க்கும் விதம்: இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, இறக்கையை விரலால் தடவுங்கள். உள்ளங்கை போலக் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். புடைத்த பக்கம் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு பேப்பர் சோதனை. வண்டி சூடான பிறகு ஸ்லோவில் ஓடவிட்டு, கிரில்லுக்கு உள்ளே ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தினசரித் தாளை வையுங்கள். கையை எடுத்தால் தாள் அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் ஃபேன் இழுக்கவில்லை. வேட்டி நுனி, துண்டு, சட்டைக்கை எதுவும் பெல்ட்டுப் பக்கம் போகக்கூடாது, இதை நான் சும்மா சொல்லவில்லை.

முள் ஏறும்போது கியரை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, ஒரு 1500 சுற்றில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். முள் இறங்கினால் ஃபேன், பெல்ட் சமாச்சாரம். இறங்காமல் இன்னும் ஏறினால் அப்போது தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

டெல்டா டிரைவர் தம்பிக்கு: தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்துவிட்டால் அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. திறக்காமல் மாட்டிக்கொண்டால் ரோட்டிலும் கொதிக்கும், ஊர்வலத்துக்கு மட்டும் என்று காத்திருக்காது. சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துத் திறக்கிறதா பாருங்கள். அதன் மேலேயே டிகிரி போட்டிருக்கும், அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். திறந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். அது இல்லாத இன்ஜின் காலையில் சூடேற நேரம் பிடிக்கும், அதுவரை சிலிண்டர் தேயும், பெட்ரோலும் குடிக்கும். டாக்ஸி ஸ்டாண்டில் நான் பிரித்த அம்பாசிடர்களில் இதைக் கழற்றிப் போட்டவைதான் ஹெட் வேலைக்கு முன்னாலேயே சிலிண்டர் தேய்ந்து ரீபோர் வேலைக்கு வந்தவை.

இன்னொன்று. ஊர்வலத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் போடுங்கள். முன்பக்கம் தெரிய வேண்டும்.


மன்னை மார்க்2:

ஐயா, ஃபேன் திருப்பித்தான் இருக்கிறது! குழிந்த பக்கம் ரேடியேட்டரைப் பார்க்கிறது. பேப்பர் இரண்டு நொடிகூட நிற்கவில்லை. பம்ப் மாற்றிய இடத்தில் கேட்டால் 'காற்று வருகிறதே, அப்புறம் என்ன' என்கிறார்கள்.

படம் இணைத்திருக்கிறேன். வைகாசி ஊர்வலம், கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.


குடந்தை ஸ்பேனர்:

படத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை அழகாக இருக்கிறார். வண்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

கிரில்லின் மேல் மணமக்கள் பெயர் வெட்டிய தெர்மாகோல் பலகை, ஒரு முழ அகலத்துக்கு. அதற்குக் கீழே செவ்வந்தி மாலை மூன்று சரம், நெருக்கமாக. இரண்டு பக்கமும் ஃபாக் லைட். காற்று போவதற்குப் பம்பருக்குக் கீழே ஒரு சந்துதான் மிச்சம். இத்தனையையும் மறைத்துவிட்டு ரேடியேட்டரைத் திட்டினால் அது என்ன செய்யும்?

இதில் இரண்டு கதை கலந்திருக்கிறது. முதலில் ஊர்வலத்தில் மட்டும் ஏறியது பலகையாலும் பூவாலும். பம்ப் மாற்றிய பிறகு கேட்டிலும் ஏறுவது ஃபேனால். அதனால்தான் எதை மாற்றியும் புரியவில்லை.

பலகையை பானெட் மேலோ கண்ணாடிக்குக் கீழோ வைக்கச் சொல்லுங்கள். அலங்காரக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முன்னால் தெரிந்தால்தான் வீடியோவில் விழும் என்பார்கள். விடாதீர்கள். மாலையை ஹெட்லைட்டைச் சுற்றிப் போடட்டும், பம்பரில் சுற்றட்டும். கிரில் சும்மா இருக்க வேண்டும்.

ஃபேனைத் திருப்பி மாட்டும்போது பெல்ட்டையும் பாருங்கள். இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். புல்லியின் பள்ளம் பளபளவென்று தேய்ந்து, பெல்ட் அடியில் போய் உட்கார்ந்திருந்தாலும் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. ரொம்ப இறுக்கினால் புது பம்ப்பின் பேரிங் போய்விடும்.

ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு, அதாவது ஷ்ரவுட், இருக்கிறதா? ரேடியேட்டர் கழற்றும்போது தொல்லை என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டில் கிடைக்கிற சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். டிங்கர் கடையில் சொன்னால் தகரத்தில் வளைத்துத் தருவார்கள். இறக்கை நுனிக்கும் கூட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், இன்ஜின் ஆடும்.


கரந்தை வயர்:

எலக்ட்ரிக் ஃபேன் பற்றி நான் சொல்கிறேன், அது என் வேலை. 74 வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? டைனமோ என்றால் மாருதி ஃபேனை மறந்துவிடுங்கள். அந்தக் காலத்து டைனமோ நல்ல ஓட்டத்தில் கொடுப்பதே 20 ஆம்பியர் சொச்சம்தான். ஸ்லோவில் கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது, சார்ஜ் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கோ ஸ்லோவில்தான் ஃபேன் வேண்டும். ஊர்வலம் சாயங்காலம் இருட்டிய பிறகு, ஹெட்லைட் எரியும், அலங்கார சீரியல் பல்பையும் பேட்டரியிலேயே கொடுத்திருப்பார்கள். அதோடு ஃபேனும் சேர்ந்தால் மண்டபத்தில் அணைத்த வண்டி திரும்பக் கிளம்பாது. மாப்பிள்ளை இறங்கித் தள்ளுவார்.

ஆல்டர்னேட்டருக்கு மாற்றியிருந்தால் தாராளமாகப் போடலாம். ரிலே, ஃபியூஸ் இல்லாமல் நேராக ஸ்விட்ச்சில் கொடுக்காதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவதானால் காற்று உள்ளே தள்ளப்படுகிறதா என்று பேப்பரை வைத்துப் பாருங்கள். அந்த ஃபேன் பின்னால் நின்று இழுப்பதற்குச் செய்தது. மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும், ஆனால் ஸ்பேனர் ஐயா சொன்ன அதே வளைவுப் பிரச்சினை இங்கேயும் உண்டு, காற்று குறைவாகத்தான் வரும்.


வேதாரண்யம் உப்பளம்:

தண்ணீர் எதை ஊற்றுகிறீர்கள்? எங்கள் பக்கம் போர்த் தண்ணீரை ஊற்றி இரண்டு வருடத்தில் கோரைத் தின்றுவிட்ட வண்டிகள் உண்டு. கடலோரத்து உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படியும், படிந்த இடத்தில் சூடு இறங்காது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் போதும். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, துருப் பிடிக்காமல் இருப்பதற்குத்தான் அது. பாதிக்கு மேல் கலந்தால் சூட்டை வாங்கும் திறன் குறைந்துவிடும், வெறும் தண்ணீர்தான் சூட்டை நன்றாக வாங்கும்.


குடந்தை ஸ்பேனர்:

உப்பளம் சொல்வது சரி. இதோடு ஒன்று: கசிவுக்கு மஞ்சள் தூள் போட்ட வண்டியா? வழியில் ஒழுகினால் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளைக் கொட்டி வீடு வந்து சேருவது எல்லாரும் செய்வதுதான். வந்து சேர்ந்த பிறகு யாரும் கழுவுவதில்லை. அது பிளாக்கின் அடியில் போய்ச் சேறாக உட்காரும். பிளாக்கின் பின்பக்கம் ஒரு சின்ன வடிகால் டேப் இருக்கும். ஆறின வண்டியில் அதைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம் இல்லை, சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்திவிட்டு, மேலே இருந்து தண்ணீர் விட்டுத் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் அந்தச் சேறு தங்கும், ஸ்லோவில் பம்ப்பின் வேகம் அங்கே எட்டாது.


மன்னை மார்க்2:

ஃபேன் திருப்பியாயிற்று. பேப்பர் இப்போது கிரில்லுக்குள் பசை போட்ட மாதிரி நிற்கிறது. பின் டேப்பைத் திறந்தால் முதலில் ஒன்றும் வரவில்லை, குத்திய பிறகு காப்பி நிறத்தில் வந்தது, அப்பா காலத்து மஞ்சள் தூளாக இருக்கலாம். ஷ்ரவுட் இருக்கவில்லை, டிங்கரிடம் சொல்லியிருக்கிறேன். டைனமோதான், அதனால் எலக்ட்ரிக் ஃபேன் கிடையாது.

நீடாமங்கலம் கேட்டில் சோதனை செய்தேன், சரக்கு ரயில் ஒன்று புண்ணியம் கட்டிக்கொண்டது. முள் பாதியிலேயே நின்றது.

ஆனால் சாயங்காலம் எங்கள் தெருவில் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சை அழுத்தி அழுத்தி ஊர்வலம் மாதிரி உருட்டிப் பார்த்தபோது முக்காலுக்கு வந்துவிட்டது. கொதிக்கவில்லை. மேளமே இல்லாமல் யாருக்கு அழைப்பு என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்கள். ஸ்லோ கொஞ்சம் நடுங்குகிறது, இழுவையும் முன்பு போல் இல்லை. இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா?


குடந்தை ஸ்பேனர்:

உண்டு. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயின்ட் கேப்பை, அதாவது பாயின்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பாருங்கள். பாயின்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று நினைவில்லாத அளவுக்கு நாளாகியிருந்தால் அதன் ஃபைபர் கால் தேய்ந்திருக்கும். கால் தேய்ந்தால் கேப் சுருங்கும், கேப் சுருங்கினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், தானாகப் பின்னால் போய்விடும். பொறி தாமதமானால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியைச் சுற்றியுள்ள தண்ணீருக்குள் போகிறது. இழுவை குறைவு, ஸ்லோவில் நடுக்கம், முள் ஏற்றம், மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. காற்றைச் சரி செய்த பிறகும் முக்காலுக்கு வருகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேமின் உச்சியில் பாயின்ட்டின் கால் நிற்கும்படி இன்ஜினைச் சுற்றி வைத்து, ஃபீலர் கேஜில் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வையுங்கள். 14-லிருந்து 16 வரை இருக்கலாம். கால் உரசும் இடத்தில் ஒரு துளி கிரீஸ். அப்புறம்தான் டைமிங் பார்க்க வேண்டும். கேப்பைச் சரி செய்யாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் அளவுக்கு அது கொஞ்சம் லீனாகத்தான், அதாவது காற்று அதிகமும் பெட்ரோல் குறைவுமாகத்தான், ஓடும், சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். மிக்ஸ்சரை ஒரு துளி ரிச் பக்கம் வையுங்கள். பிளக்கின் மூக்கு வெள்ளையாக இருந்தால் இன்னும் வேண்டும், கரிப் பிடித்தால் அதிகம், இளம் பழுப்பு என்றால் சரி. கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கட் வழியாகக் காற்று உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள், லீன் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள். மேலே 7 என்று போட்டிருந்தால் 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அடி ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதித்துக் கக்கிவிடும். சின்ன சாமான், ஆனால் அம்பாசிடர் செய்த உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் தயாரிப்பை நிறுத்திய பிறகு சந்தையில் கிடைக்கிற மூடிகளில் பாதி வெறும் தகரம். ரப்பரை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.


மன்னை மார்க்2:

கேப் 8 தௌகூட நுழையவில்லை. புது பாயின்ட், கண்டென்சர் போட்டு 15 வைத்து, டைமிங் லைட்டில் பார்த்து வைத்தோம். ஸ்லோ இப்போது சீராக இருக்கிறது. ஷ்ரவுட்டும் வந்துவிட்டது. அதே தெருவில், அதே ஃபர்ஸ்ட் கியரில், முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுகொண்டது. அத்தை இந்த முறை ஆரத்தித் தட்டோடு வருகிறேன் என்றார்கள்.

தையில் முதல் ஊர்வலம் வலங்கைமானில். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?


குடந்தை ஸ்பேனர்:

தை என்றால் சம்பா அறுவடை. ரோட்டில் நெல் காயும், களத்துத் தூசியும் பதரும் பறக்கும். அந்தச் சுணை ரேடியேட்டரின் தகட்டுக்குள் கம்பளி விரித்த மாதிரி படியும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்களைப் பாருங்கள், தினமும் ஊதிச் சுத்தம் செய்யாமல் வயலில் இறங்க மாட்டார்கள். நீங்களும் ஊர்வலத்துக்கு முந்தின நாள் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைக்காரரின் துப்பாக்கியை வைத்து அடிக்க விடாதீர்கள், தகடு மடங்கிவிடும். தோட்டக் குழாயின் வேகம் போதும்.

ஓட்டும்போது கிளட்ச்சிலேயே தொங்காதீர்கள். நாதஸ்வரம் நின்று வாசிக்கிற இடத்தில் நியூட்ரலுக்கு வந்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வையுங்கள், ஃபேனுக்கு வேகம் கிடைக்கும். கோயில் வாசலில் நீண்ட நேரம் நின்றால் அணைத்துவிடலாம். ஆனால் முள் முக்காலில் இருக்கும்போது சட்டென்று அணைக்காதீர்கள். பம்ப் நின்றதும் பிளாக்கின் சூடு அப்படியே தண்ணீருக்கு ஏறி அப்போதுதான் கக்கும். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இன்ஜினில் இருக்கிற பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி ஒன்று போட்டு வைப்பது பழைய டிரைவர்கள் வழக்கம், சீக்கிரம் ஆவியாகிற இந்தப் பெட்ரோலுக்கு அது இன்னும் தேவை.

ஒருவேளை கொதித்தே விட்டால் மூடியைத் திறக்காதீர்கள். யாராவது ஒரு மாமா குடத்தோடு ஓடி வருவார். ஈரச் சாக்கு போட்டுத் திறக்கலாம் என்பார். திறக்க விடாதீர்கள், முகம் வெந்துவிடும். பானெட்டைத் தூக்கி அரை மணி நேரம் விடுங்கள். ஆறிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற பிளாக்கில் வாய்க்கால் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் கீறிக்கொள்ளும். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னபடி ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.


பட்டீஸ்வரம் பாட்மினி:

ஐயா, எனக்கும் இதே தொல்லை, பிரீமியர் பாட்மினி. மகாமகக் குளம் பக்கம் டிராஃபிக்கில் நின்றால் ஏறுகிறது. எனக்கும் ஃபேனைத் திருப்பிப் போட்டால் சரியாகுமா?


குடந்தை ஸ்பேனர்:

தம்பி, சரியாக இருக்கிற ஃபேனைத் திருப்பி வைக்காதீர்கள். முதலில் பேப்பரை வைத்துப் பாருங்கள். கும்பகோணத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு நாள் எடுத்து வாருங்கள். வரும்போது பழைய பாயின்ட்டையும் கொண்டு வாருங்கள்.